கொடிப் பந்தல்



வாசலில் நிழல் வேண்டும் என்றால் இப்போது யோசிக்காமல் தகரம் அடித்துவிடுகிறோம். உச்சி வெயிலில் அது தானும் கொதித்து, கீழே இருப்பவர் மீதும் அந்தச் சூட்டை இறக்குகிறது. கொடி அப்படிச் செய்யாது. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக வெளிவிட்டுத் தம்மைக் குளிர்த்திக்கொள்கின்றன. இடுக்குகளில் காற்றும் தாராளமாகப் புகுந்து போகும். வெயிலுக்கு இதைவிட நல்ல கூரையை நான் அறியேன்.

பந்தல் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது அவரை. ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆனால் நிழல் தேவைப்படுவதோ சித்திரையில்! அதற்குள் அவரை ஓய்ந்து, பந்தலில் சருகுதான் மிஞ்சியிருக்கும். கறிக்குப் போடும் பந்தல் வேறு, நிழலுக்குப் போடும் பந்தல் வேறு.

கோடைக்குப் பீர்க்கும் புடலையும்தான் சரி. தையில் விதைத்தால் பங்குனி வெயிலுக்குப் பந்தலை மூடிவிடும். புடலம்பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள், காய் சுருளாமல் நேராக நீளும். தலையில் இடிக்காமல் இருக்கப் பந்தல் 7 அடிக்குக் குறையக் கூடாது.

வருடக்கணக்கில் நிற்க வேண்டுமானால் என் தேர்வு ரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாக விரியும் பூ, அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிச் சிவந்துபோகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். அதன் கனத்தைச் சவுக்குக் கழி வெகுநாள் தாங்காது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்களே, அதுதான் முறை. கல்லைக் கரையானும் அரிக்காது.

பந்தலின் அழகு கொடியை ஏற்றும் கையில் இருக்கிறது. அடியிலேயே கிளைக்க விட்டால் கீழே புதர், மேலே வெட்டவெளி. பக்கத் துளிர்களைக் கிள்ளி, ஒற்றைத் தண்டாகவே மேலே கொண்டுபோக வேண்டும். பந்தலைத் தொட்டபின் நுனியைக் கிள்ளினால் நாலாபுறமும் படரும். கட்டுவதற்கு வாழைநார் போதும். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும்.

வருகிற தையில் பந்தல்காலின் அடியில் நாலு பீர்க்கம்விதை ஊன்றுங்கள். எதிர்க்காலில் ரங்கூன் மல்லிப் பதியன் ஒன்று வையுங்கள். மல்லி படர்ந்து மூடும்வரை பீர்க்கு நிழல் கொடுக்கும்.