எதைவிட? எவ்வளவு?



இங்கே எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியை ஒருவர், நாங்கள் “கூட” என்று சொன்னால் உடனே, “எதைவிடக் கூட? எவ்வளவு கூட?” என்று கேட்பார். வைத்தியரான பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை எனக்கு விளங்கியது.

ஆங்கிலத்தில் ‘த்ரீ ரைம்ஸ் மோர்’ என்கிறோம். 10 இப்போது 30 ஆகிறதா, அல்லது 10உடன் 30 சேர்ந்து 40 ஆகிறதா? இரண்டு விதமாகவும் விளங்கலாம். ‘த்ரீ ரைம்ஸ் அஸ் மச்’ என்றால் 30தான். மருந்தின் அளவு சொல்லும்போது இது சிறிய வேறுபாடல்ல.

‘ருவைஸ் அஸ் லைக்லி’ என்பதும் அப்படித்தான். 1995 ஒக்ரோபரில் பிரித்தானியாவில், புதிய வகைக் கருத்தடைக் குளிசைகளால் குருதி உறையும் ஆபத்து பழைய வகையைவிட இரு மடங்கு என்று எச்சரித்தார்கள். பயந்த பெண்கள் பலர் குளிசையை நிறுத்தினார்கள். உண்மையில் 7000 பேரில் ஒருவர் என்றிருந்தது இருவர் ஆகியிருந்தது, அவ்வளவே. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணித்தார்கள். கர்ப்பகாலத்தில் குருதி உறையும் ஆபத்து அந்தக் குளிசையால் வருவதிலும் அதிகம்.

நானும் ஒரு தாயிடம் “ஆபத்து இரட்டிப்பு” என்று மட்டும் சொல்லி அவரை அழவைத்திருக்கிறேன். இப்போது எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்கிறேன்.

சகோதரிகளே, வைத்தியர் “கூட” என்றால் தயங்காமல் கேளுங்கள்: எதைவிட? எவ்வளவு? எங்கள் பாடசாலை தந்த கேள்வி அது.