கணக்கின் வழியே எழுத்தறிவு



1991-ல் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் குவாரிப் பெண்கள் எழுத்தோடு கணக்கையும் கற்றனர். 2022-ல் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் சிறு வகுப்புகளுக்கு இரண்டையும் சேர்த்தே வகுக்கப்பட்டது.

ஆயினும் நாம் பள்ளிகளில் காண்பது என்ன? ‘நாலைந்து இருபது’ என்று தடையின்றி ஒப்பிக்கும் சிறுவன், “தோப்பில் 4 வரிசை, வரிசைக்கு 5 தென்னங்கன்று, மொத்தம் எத்தனை?” என்று எழுதிக் கொடுத்தால் திகைக்கிறான். பெருக்க வரும், படித்துப் பொருள்கொள்ள வராது.

எனவே, கடலை விற்று வந்த இரவில் கணக்கைக் குழந்தையிடம் சொல்லுங்கள். விடையை மட்டுமன்று, விற்றது, செலவானது, மிஞ்சியது யாவற்றையும் முழு வாக்கியங்களாக எழுதச் செய்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிழைக்காக அடிக்க வேண்டாம். பஞ்சாயத்தின் வரவு செலவையும் அவர்கள் படிக்கட்டும். கேள்வி கேட்டால் நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும்!