கணினி கற்போரும் மனிதரைக் கற்றலும்

சப்பிரகமுவ மாகாணத்திலே, பெலிஹுல்ஓயா மலைச்சாரலில், 1995-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. அங்கே இன்று மென்பொருட் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றது. அம்மாணவர் நாளை ஆக்கும் மென்பொருளை யார் பயன்படுத்துவர்? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோரும் பயன்படுத்துவர் அல்லவா?

கணினியில் நிரப்பும் விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், குடும்பப்பெயர் ஆகிய மூன்றையும் நிரப்பாவிடின் அது மேலே செல்லாது எனக் கொள்வோம். லயத்தில் வாழ்ந்து கொழுந்து பறிக்கும் பெண் என் செய்வாள்? லயத்து அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே எல்லார்க்கும் முகவரி. தமிழர் பெயரில் தந்தையின் பெயர் முன்னிற்குமேயன்றிக் குடும்பப்பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. கணினி பழுதுபடவில்லை, ஆயினும் அவளுக்குக் கதவு அடைபட்டுவிட்டது.

இதனைச் சிறு குறையெனத் தள்ளுதல் ஆகாது. 2016-ஆம் ஆண்டு மே மாதத்திலே, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டியவை அடுத்த களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டது. அத்தகைய மலைநிலத்தில், எச்சரிக்கைச் செய்தி எம்மொழியில் எந்த லயத்தைச் சேரும் என்பது உயிரைப் பற்றிய வினாவாகும்.

இதற்குக் கல்வி செய்யக்கூடியது யாது? டொனால்ட் ஷோன் என்னும் அமெரிக்க அறிஞர் 1983-இல் வெளியிட்ட நூலில், தொழில் வல்லார் செய்யும்போதும் செய்தபின்னும் தம் செயலைச் சிந்தித்தே தேர்ச்சி பெறுகின்றனர் என விளக்கினார். மாணவர் முதலிலே தோட்டத்திற்குச் சென்று மக்களின் அன்றாடத்தைக் காணட்டும். பின்னர்ப் படிவத்தைத் தாளிலே வரைந்து, அவர்கள் கையிற் கொடுத்து, அவர்கள் எங்கே தயங்குகின்றனர் என வாய்திறவாது நோக்கட்டும். அதன்பின், “யாரை மனத்திற்கொண்டு இதனை அமைத்தேன்? யாரை மறந்தேன்?” என ஏட்டிலே எழுதட்டும். அவ்வெழுத்துக்கும் புள்ளிகள் வழங்கப்படல் வேண்டும். புள்ளி பெறாத பாடத்தை மாணவர் பொருட்படுத்துவதில்லை.

அவ்வாறு பயின்றவன் வீதிக்குரிய கட்டத்தை நீக்கித் தோட்டம், பிரிவு, லய இலக்கம் எனக் கட்டங்களை அமைப்பான். ஒரு பெயரே போதும் என விதிப்பான். திருத்தம் சில வரிகளே. எனினும், மழை கொட்டும் இரவொன்றில், மீட்பர் எந்த லயத்தின் கதவைத் தட்டவேண்டும் என்பதை அவ்வரிகள் அறிவிக்கக்கூடும்.