மேலே போகிறவனும் கீழே இறங்குகிறவனும்

(படப்பையில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனுசனை விண்ணுக்கு அனுப்புகிற தேசியக் கனவு தேஞ்சுபோச்சுன்னு ஒரு புலம்பல் கேட்குது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் போனார். அடுத்து சுபான்ஷு சுக்லா போனது 2025 ஜூனில், அமெரிக்கத் தனியார் கலத்தில். நடுவில் 41 வருஷம். 2022-க்குள் நம் ராக்கெட்டிலேயே ஆள் போகும் என்று 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்தார். அந்த டிசம்பரில் அமைச்சரவை 10,000 கோடிக்குள் செலவுக்கு ஒப்புதல் தந்தது. 2022 வந்தது, போனது. ககன்யான் தேதி தள்ளிக்கொண்டே போனது.

தவணை தவறினால் ஏன் என்று கேட்பது வங்கியில் என் பிழைப்பு. இங்கேயும் கேட்டுப் பார்த்தேன். பெருந்தொற்று ஒரு காரணம். இன்னொன்று, உயிர். ராக்கெட்டில் கோளாறு வந்தால் வீரர்கள் இருக்கும் கூண்டைப் பிரித்தெடுத்துக் கடலில் இறக்குகிற ஏற்பாட்டை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் சோதித்தார்கள். கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. காரணம் கண்டு சரிசெய்த பிறகே ஏவினார்கள். இதை நான் வீழ்ச்சி என்று சொல்லமாட்டேன். மனுசனை மனுசனா மதிக்கிறது இதுதான்.

இப்ப இன்னொரு தவணையைப் பாருங்க. 243 நகரங்களில் சாக்கடை, கழிவுத்தொட்டி வேலை முழுவதையும் 2021 ஏப்ரல் 30-க்குள் இயந்திரத்துக்கு மாற்றுவோம் என்று 2020 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்தத் தேதியும் வந்தது, போனது. நம்ம ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2021 பிப்ரவரியில் மூணு பேர், 2022 அக்டோபரில் மூணு பேர் கழிவுத்தொட்டியில் மூச்சடைத்துச் செத்தார்கள்.

அங்கே தேதி தள்ளிப்போனது, ஆள் ஏறவில்லை. இங்கே தேதி தள்ளிப்போனது. ஆள் இறங்கிக்கொண்டே இருந்தான். மேலே போக விமானப்படையில் தேர்வு. கீழே இறங்கப் பிறப்பே தேர்வு. இந்தத் தேசத்தின் லட்சியம் தேய்ந்தது வானத்தில் இல்லை, இந்தக் குழிக்குள்தான்.

அப்ப ராக்கெட்டை நிறுத்தச் சொல்றியா என்று கேட்பார்கள். இல்லை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், கறுப்பின மக்களின் தலைவர் ரால்ஃப் அபர்நதி கோவேறு கழுதை வண்டிகளோடு ஏவுதளத்துக்கே போனார். ஏழைகளின் பசியைச் சொன்னார். வீரர்கள் நலமாய்த் திரும்ப வேண்டியும் கொண்டார். 1972 டிசம்பரோடு நிலவுப் பயணம் நின்றது. பசி நின்றதா? ராக்கெட்டை நிறுத்தி மிச்சமாகிற காசு சேரிக்கு வராது தோழர்களே.

நாம் கேட்பது அந்தக் காத்திருப்பை. பாதுகாப்பு உறுதியாகிறவரை ஒருத்தனும் ஏறக்கூடாது என்கிற அந்த விதி நமக்கும் வேணும். கார் உடம்பை இயந்திரக் கை ஒட்டுகிற ஒரகடத்தில் கழிவுத்தொட்டிக்கு மட்டும் ஏன் மனுசக் கை?

நாளைக்கு எந்தக் காண்ட்ராக்டராவது மூடியைத் திறந்து "இறங்குடா" என்றால், அங்கே நிற்கிற நீங்கள் "நிறுத்து" என்று சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பக்கம் இருக்கு. 5 நொடி இருக்கும்போதும் நிறுத்தலாம்னு ஸ்ரீஹரிகோட்டாவே காட்டியிருக்கு.

ஜெய்பீம்.