இரட்டை ராசிக் குணம்
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஜோசியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஜோசியம் முழுவதையும் பற்றிப் பேசுவதென்றால் ஒரு இரவு போதாது. உங்களுக்குப் பொறுமையும் போதாது. ஆதலால் அதில் ஒரே ஒரு சங்கதியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறேன். லக்னமும் ராசியும் ஒன்றாய் அமைந்துவிட்டவர்களுடைய குணம் என்பதாக ஜோசியர்கள் சொல்லுகிறார்களே, அந்தச் சங்கதிதான். "பையனுக்குச் சிம்ம லக்னம், சிம்ம ராசி, ஆகையால் சிம்மக் குணம் இரட்டிப்பு" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். லக்னம் என்பது உடலாம். சந்திரன் இருக்கும் ராசி என்பது மனமாம். உடலும் மனமும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் அந்த வீட்டுக் குணம் இரண்டு மடங்காகிவிடுமாம். நல்லது வந்தாலும் இரண்டு மடங்கு, ஏழரைச் சனி வந்தாலும் இரண்டு மடங்கு என்கிறார்கள். சாந்திக்குத் தட்சணையும் இரண்டு மடங்கோ என்னவோ, அதை நான் விசாரிக்கவில்லை.

முதலில் இந்த இரட்டிப்பு என்பது என்னவென்று பார்ப்போம். ஒரு குழந்தை பிறக்கிற வேளையில் கிழக்கே அடிவானத்தில் எந்த ராசி ஏறிக்கொண்டிருக்கிறதோ அது லக்னம். பூமி சுழலுவதால் பன்னிரண்டு ராசிகளும் ஒரு நாளில் ஒவ்வொன்றாய்க் கிழக்கே ஏறிவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சுமார் இரண்டு மணி நேரம். சந்திரனோ ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருக்கிறான். ஆகவே லக்னமும் ராசியும் ஒன்று என்றால், அந்தப் பிள்ளை பிறந்தபோது சந்திரன் ஏறக்குறையக் கிழக்கு அடிவானத்தில் இருந்தான் என்பதற்குமேல் அதில் ஒன்றுமே இல்லை. பௌர்ணமியன்று அந்தி வேளையிலும், அமாவாசையன்று விடியற்காலையிலும் பிறக்கிற பிள்ளைகளில் பலர் இரட்டை ராசிக்காரர்கள்தான். ஆவணி மாதத்தில் சூரியன் சிம்மத்தில் இருப்பதாகக் கணக்கு. அந்த மாதத்து அமாவாசையில் சூரியோதயத்தில் பிறந்த பிள்ளைக்கு லக்னம், சந்திரன், சூரியன் மூன்றும் சிம்மமாகவே விழக்கூடும். அப்பிள்ளைக்கு மூன்று மடங்கு சிம்மக் குணம் வரவேண்டும். ஆனால் பிரசவம் பார்த்தவர்கள் யாரும் அது கர்ஜித்ததாகச் சொன்னதில்லை.

இது ஏதோ ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் அபூர்வம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ராசிகள் பன்னிரண்டு, ஆகவே ஏறக்குறையப் பன்னிரண்டு பேரில் ஒருவர் இரட்டை ராசிக்காரர். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். அதில் இரட்டை ராசிக்காரர் சுமார் 60 லட்சம். இரட்டைச் சிம்மம் மாத்திரம் 5 லட்சம் பேருக்குக் குறையாது. இந்த 5 லட்சம் பேரில் கலெக்டரும் இருப்பார், கலெக்டர் வீட்டு வாசலில் மனுவோடு நிற்பவரும் இருப்பார். கடன் கொடுத்தவரும் இருப்பார், அவரைக் கண்டால் சந்தில் ஒளிகிறவரும் இருப்பார். இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே குணம், அதுவும் இரட்டிப்பாக, என்றால் அதை எப்படி ஒப்புக்கொள்ளுவது?

நிற்க, அந்தச் சிங்கம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சிம்ம ராசியிலே மகம் என்று ஒரு நட்சத்திரம், உத்திரம் என்று ஒரு நட்சத்திரம். மகத்தின் ஒளி நம்மிடம் வந்துசேர 79 வருஷம் பிடிக்கிறது. உத்திரத்தின் ஒளிக்கு 36 வருஷம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பூமியில் நின்று பார்க்கிற நமது கண்ணுக்குப் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன, அவ்வளவுதான். பாபிலோன் தேசத்தார் ராத்திரியில் வானத்தைப் பார்த்துப் புள்ளிகளைச் சேர்த்துப் படம் போட்டார்கள். அது கிரேக்கரிடம் போயிற்று. கிரேக்கரிடமிருந்து இந்தியாவுக்கு வந்தது. ரிஷிகள் ஞானதிருஷ்டியில் கண்டது என்று சொல்லுகிறவர்கள் தங்களுடைய புஸ்தகத்தையே பார்க்கலாம். 6-ம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்தில் மேஷத்துக்குக் கிரியம் என்றும், ரிஷபத்துக்குத் தாவுரி என்றும், சிம்மத்துக்கு லேயம் என்றும் பெயர்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. இவையெல்லாம் கிரியோஸ், டௌரோஸ், லியோன் என்ற கிரேக்க வார்த்தைகளின் திரிபு. சீனாக்காரரோ எலி, எருது, புலி, முயல் என்று வேறு பன்னிரண்டு வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒன்றாகக் குணம் சொல்லுகிறார்கள். பாபிலோன்காரன் அந்தப் புள்ளிகளில் சிங்கத்துக்குப் பதிலாகக் கழுதையைக் கண்டிருப்பானானால், இன்றைக்கு 5 லட்சம் பேருடைய குணத்தை என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

படம்தான் பொய், கணக்காவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. மேல்நாட்டு ஜோசியரின் மேஷம் மார்ச்சு 21-ந் தேதி வாக்கில் ஆரம்பிக்கிறது; நமது பஞ்சாங்கத்தின் மேஷம் சித்திரை முதல் தேதி, ஏப்ரல் 14-ல் ஆரம்பிக்கிறது. பூமியின் அச்சு மெள்ளச் சாய்ந்து சுற்றுவதால் வந்த வித்தியாசம் இது. இன்றைக்குச் சுமார் 24 பாகை. மே முதல் தேதி சூரியோதயத்தில் பிறந்தவன் மேல்நாட்டுக் கணக்கில் இரட்டை ரிஷபம், ஆகவே பொறுமைசாலி. நம்முடைய கணக்கில் அவனுக்குச் சூரியனும் லக்னமும் மேஷம், ஆகவே அவசரக்காரன். சரி, நம்முடைய ஜோசியருக்குள்ளாவது ஒற்றுமை உண்டா? வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று என்று இரண்டு பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்கள். சந்திரன் ராசி மாறும் நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த இடைவேளையில் பிறந்த பிள்ளை ஒரு பஞ்சாங்கத்தில் இரட்டை ராசி, மற்றொன்றில் ஒற்றை ராசி. சனிப் பெயர்ச்சிக்குத் திருக்கணிதம் 2025 மார்ச்சு என்றது, வாக்கியம் 2026 மார்ச்சு என்றது. பஸ் ஒரு மணி தாமதித்தால் சண்டைக்குப் போகிறோம். சனி ஒரு வருஷம் தாமதித்தும் இரண்டு பஞ்சாங்கத்தையும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இரட்டை ராசிக்காரர்களில் பேர்போன ஒருவரை எடுத்துக்கொள்ளுவோம். வால்மீகி சொல்லுகிறபடி ராமன் பிறந்தது புனர்பூசம், கடக லக்னம், சந்திரனும் லக்னத்திலேயே. ஆகவே இரட்டைக் கடகம். போதாததற்கு உச்சத்தில் குருவும் கூட இருக்கிறார். அந்த ஜாதகத்தை எழுதிப் பூஜையில் வைக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். கடகத்துக்கு ஜோசியர் சொல்லும் குணம் என்ன? வீட்டை விட்டுப் பிரியமாட்டார், தாயைப் போல இளகிய மனசு, பெண்டாட்டி பிள்ளைகளிடத்தில் உயிர் என்பது. அவர் 14 வருஷம் காட்டில் இருந்தார். பிறகு கர்ப்பிணியான மனைவியைக் காட்டுக்கு அனுப்பினார் என்று உத்தரகாண்டம் சொல்லுகிறது. தெய்வம் என்று கொண்டாடப்படுகிறவருக்கே பொருந்தாத இரட்டைக் கடகக் குணம் நம்முடைய கந்தசாமிக்கும் குப்பம்மாளுக்கும் மாத்திரம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கின்றேன்.

"எனக்குப் பொருந்துகிறதே!" என்று ஒரு தோழர் சொல்லக்கூடும். 1948-ம் வருஷத்தில் அமெரிக்காவில் போரர் என்ற மனோதத்துவ ஆசிரியர் தமது மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, "உங்கள் குணம் இன்னது" என்று தனித்தனியாக எழுதிக்கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மார்க்குப் போடச் சொன்னார். சராசரி 4-க்கு மேல் போட்டார்கள். பிறகு பார்த்தால் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே கடிதம். அதிலிருந்த வாசகங்கள் கடைத்தெரு ஜோசியப் புஸ்தகத்திலிருந்து எடுத்தவை. "உமக்குத் திறமை உண்டு, ஆனால் அது முழுவதும் வெளிப்படவில்லை" என்று யாரிடம் சொன்னால்தான் இல்லையென்பார்?

நமது நாட்டிலும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. வானசாஸ்திரி ஜயந்த் நார்லிகரும், மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் நடத்திவந்த நரேந்திர தபோல்கரும், இன்னும் இருவரும் சேர்ந்து, கெட்டிக்காரக் குழந்தைகள் 100, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100, ஆக 200 ஜாதகங்களைத் திரட்டினார்கள். ஆளுக்கு 40 ஜாதகம் ஜோசியர்களுக்கு அனுப்பி, இது எந்தக் குழந்தையினுடையது என்று மாத்திரம் சொல்லும்படி கேட்டார்கள். 27 ஜோசியர் பதில் அனுப்பினார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. சரியாய் வந்தது சராசரி நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலே நூற்றுக்கு 50 வந்திருக்கும். அந்தத் தபோல்கரை 2013 ஆகஸ்டு 20-ந் தேதி காலையில் பூனா வீதியில் சுட்டுக் கொன்றார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமே, எதற்காக இவ்வளவு பேச்சு என்றால், இது நம்முடைய பெண்களின் கழுத்தில் விழுவதால்தான் பேசுகிறேன். சிம்ம லக்னம், சிம்ம ராசியில் ஒரே வீட்டில், ஒரே வேளையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இரட்டையாகப் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாதகம் இரண்டும் ஒன்றே. பையன் ஜாதகத்தைப் பார்த்து, "ஆளப் பிறந்தவன், யாருக்கும் தலை வணங்கமாட்டான்" என்கிறார். பெண் ஜாதகத்தைப் பார்த்து, "அடங்கமாட்டாள், புருஷனை ஆட்டிவைப்பாள், யோசித்துச் செய்யுங்கள்" என்கிறார். பிள்ளைவீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். நட்சத்திரம் ஒன்று, ராசி ஒன்று, லக்னம் ஒன்று. பலன் மாத்திரம் எப்படி இரண்டாயிற்று? வானத்தில் இல்லாத வித்தியாசம் ஜோசியர் வாயில் எங்கேயிருந்து வந்தது? ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று பழமொழியே கட்டி வைத்திருக்கிறோமே! ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, கேட்டையில் பிறந்தவள் மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகத்தில் பிறந்தவள் இளைய மைத்துனருக்கு ஆகாது. ஆயில்யத்து ஆண்பிள்ளையால் அவனுடைய மாமியாருக்கு ஆபத்து என்று எந்த வீட்டிலாவது சம்பந்தம் தட்டிப்போனதுண்டா? 27 நட்சத்திரங்களில் மூலம் ஒன்று. 2011 கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் 3 கோடியே 60 லட்சம். அவர்களில் மூலத்துப் பெண்கள் சுமார் 13 லட்சம். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாமனாரைத் தீர்ப்பதானால் திண்ணைகளில் கிழவர்களே மிஞ்சியிருக்கக் கூடாது.

ஜாதி வித்தியாசத்திலும் இப்படித்தான். பெரிய வீட்டில் பிறந்த இரட்டை மகரத்துக்குத் தொழிலதிபர் யோகம். தெருக் கூட்டுகிறவர் வீட்டில் பிறந்த இரட்டை மகரத்துக்குக் கடின உழைப்பாளி என்று பலன். தட்சணைத் தட்டைப் பார்த்துச் சொல்லுவதற்கு வானத்தை எதற்காக இழுக்க வேண்டும்?

இன்னும் ஒரு கெடுதி உண்டு. இங்கிலாந்தில் ஐசங்க் என்ற மனோதத்துவ நிபுணரும் அவர் கூட்டாளிகளும் 1978-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜனங்களுடைய குணம் ராசிப்படி கொஞ்சம் அமைந்திருப்பதாகக் கண்டது. ஜோசியர்கள் கொண்டாடினார்கள். மேலும் சோதித்ததில், தங்கள் ராசிக்கு இன்ன குணம் என்று முன்பே தெரிந்தவர்களிடம்தான் அந்தப் பொருத்தம் இருக்கிறது, தெரியாதவர்களிடம் இல்லை என்று ஏற்பட்டது. அதாவது, "நீ இரட்டைச் சிம்மம், முன்கோபி" என்று பிள்ளையின் காதில் ஓதி ஓதி, அது கோபித்துக்கொள்ளும்போதெல்லாம் "ஜாதகம் பொய்க்குமா!" என்று தகப்பன் பெருமைப்பட்டால், பிள்ளை அப்படித்தான் வளரும். "இரட்டைக் கன்னி, எதிலும் குற்றம் கண்டுபிடிப்பாள்" என்று பெயர் வாங்கிய பெண் நியாயமான குற்றத்தை எடுத்துச் சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. புருஷன் குடித்துவிட்டு வந்ததைக் கேட்டால்கூட அவள் ராசிதான் பேசுகிறது என்கிறார்கள்.

இப்போது நல்ல லக்னம் குறித்துக்கொண்டு போய், அந்த நேரத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுங்கள் என்று டாக்டரிடம் கேட்கிற வழக்கமும் வந்திருக்கிறது. பிரம்மா எழுதிய தலையெழுத்தை டாக்டரின் கத்தி மாற்றிவிடும் என்றால் பிரம்மாவுக்கு என்ன வேலை? மாற்றாது என்றால் அந்தத் தாயை நேரம் காலமில்லாமல் எதற்காக அறுக்க வேண்டும்?

நான் சொல்லுவதையும் நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெயர், ஆணா பெண்ணா என்பது, ஊர், ஜாதி ஒன்றும் எழுதாமல் பத்து ஜாதகக் கட்டங்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பத்தும் லக்னமும் ராசியும் ஒன்றானவை. இவற்றில் ஐந்து பெண்களுடையது, ஐந்து ஆண்களுடையது. விடை எழுதிய உறையை ஒட்டி அக்கிராசனர் அவர்களிடம் முன்னமேயே கொடுத்திருக்கிறேன். ஜோசியம் தெரிந்த தோழர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், தயவுசெய்து மேடைக்கு வந்து, எது பெண் எது ஆண் என்று மாத்திரம் பிரித்து வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். பஞ்சாங்கம் இரண்டும் மேஜைமேல் இருக்கின்றன.