வலைத்தளம் குடிபெயர்கையில் தமிழ் உடன் செல்லுமா?

(பிச்சாவரத்தில் தமிழன்பர்களிடை நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தில்லைக்குத் தன் பெயரைத் தந்த தில்லைமரத்தை இன்று ஊருக்குள் காண்பதரிது. காண விரும்புவோர் பிச்சாவரத்து உப்பங்கழிக்கு வருதல் வேண்டும். வருவோர் படகு ஓடும் நேரத்தையும் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் வலைத்தளத்திற் பார்த்துவிட்டே புறப்படுகின்றனர். இப்பகுதியில் விடுதி நடத்தும் ஒருவர்க்கு, இருபது ஆண்டுகட்கு முன் ஓர் இளைஞர் ஒவ்வொரு வரியையும் தம் கையால் எழுதி நாற்பது பக்கத் தளமொன்றை அமைத்துத் தந்தார் என்று கொள்வோம். கட்டணம் மாறினால் அது குறிக்கப்பெற்ற பக்கங்கள் அனைத்தையும் திறந்து திருத்துதல் வேண்டும். விடுதிக்காரர்க்கு அது தெரியாது; தெரிந்த இளைஞரோ வேலை தேடி வேற்றூர் சென்றுவிட்டார். தளம் இருக்கிறது, அதில் பழைய கட்டணம் இருக்கிறது, அதனால் வாயிலில் நாள்தோறும் பூசல் இருக்கிறது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதே உள்ளடக்க மேலாண்மைக் கட்டகம். வேர்ட்பிரசு, மீடியாவிக்கி முதலியன அவ்வகையின. எழுத்தைத் தரவுத்தளத்தில் தனியே வைத்தும், தோற்றத்தை வார்ப்புருவில் தனியே வைத்தும், ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது இரண்டையும் கூட்டித் தருவது அதன் வேலை. கட்டணத்தை ஓரிடத்தில் வைத்து எல்லாப் பக்கங்களிலும் காட்டலாம். மாற்றுவதும் அந்த ஓரிடத்திலேயே. கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு விடுதிக்காரரே தம் தாய்மொழியில் தட்டெழுதி மாற்றிவிடலாம். எவரையும் எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை.

இத்தகைய குடிபெயர்ப்புத் தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் நூற்பாவும் உரையும் பத்தி பிரியாது ஒன்றாய் ஓடும், புள்ளி இராது, காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். தாமோதரனார் 1887இல் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ.வே.சா. சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியபோது, ஓலையிற் கண்டதை அப்படியே தாளுக்குப் பெயர்த்தாரல்லர். பல படிகளை ஒப்பிட்டனர். மூலம் எது, உரை எது, பிழை எது என்று பிரித்தனர். அந்த உ.வே.சா.வே 1924 முதல் 1927 வரை தில்லையில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்தார். பிரித்தறியும் அப்புலமைதான் வலைத்தளத்தைக் கட்டகத்துக்கு மாற்றுவோர்க்கும் வேண்டுவது. ஆனால் மாற்றித் தருவோரிற் பலர் அதைச் செய்வதில்லை.

முதற் கேடு எழுத்துக் குறியாக்கத்தில் நேர்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கையால் எழுதப்பெற்ற தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் உரிய எழுத்துருவைக் கணிப்பொறியில் இட்டாலன்றித் தமிழைப் படித்தல் இயலாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் குந்தியிருக்கும். கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே கொம்பு முன்னும் மெய் பின்னுமாக அவை பதிந்துள்ளன. ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வருதல் வேண்டும். மாற்றும் நிரல் இதை அறியாதாயின் சொல் சிதையும். ஔகாரக் குறிக்கு மாற்றாக ளகரத்தைத் தட்டி வைத்த இடங்களும் உண்டு. படிப்போர் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், தேடுபொறி பொறாது.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. தரவுத்தளம் ஒருங்குறியை ஏற்குமாறு அமைக்கப்பெறாதிருப்பின், உள்ளே செல்லும் ஒவ்வொரு தமிழெழுத்தும் வினாக்குறியாய் மாறிவிடும். வினாக்குறியாய்ப் பதிந்ததை மீட்கும் வழி எவரிடத்தும் இல்லை. அதே தளத்தின் ஆங்கிலப் பக்கம் மட்டும் ஓரெழுத்தும் கெடாது நிற்கும். மேற்பார்ப்பவர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாக வந்துவிட்டது" என்று கணக்கு முடித்துவிடுகிறார். "தமிழைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லும் உடன் வரும். அந்தப் 'பின்னர்' எந்தத் திங்களில் வரும் என்று கேட்டுப் பாருங்கள்!

இதைப் பொறுப்புடன் செய்து காட்டினாரும் உளர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கலியாணசுந்தரனார் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்களை வலையில் ஏற்றிற்று. அவை தனி எழுத்துருக்களிலும் பின்னர்த் திசுக்கிக் குறியாக்கத்திலும் இருந்தன. ஒருங்குறி வேரூன்றியபோது நூல்களை அதற்கு மாற்றினர். தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டதோ 2010இல்தான். ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் மீடியாவிக்கிக் கட்டகத்தின் மேல் இயங்குகிறது. பலர் ஒருங்கே பட்டியலிடவும் திருத்தவும் அஃது இடந்தருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீக்குக் கொடுத்த மக்கள், ஓரிடத்தில் ஒரே படியாய் வைப்பதன் இடரை எவரும் சொல்லாமலே அறிந்தவர்கள்.

இரண்டாவது கேடு முகவரியில். பழைய பக்கத்தின் முகவரியைப் பிறர் தம் தளங்களில் குறித்து வைத்திருப்பர். புதிய கட்டகம் வேறு முகவரி தரும். பழையதைத் தட்டுவோர்க்கு வெற்றுப் பக்கமே கிட்டும். ஆகவே பழைய பக்கங்கள் அனைத்துக்கும் முதலில் பட்டியலெடுத்து, ஒவ்வொன்றையும் புதிய இடத்துக்கு நிலையாகத் திருப்பிவிடுதல் வேண்டும். முகவரியைத் தமிழிலேயே வைப்பதுதான் நமக்குப் பெருமை. எனினும் வேர்ட்பிரசில் முகவரிச் சொல்லுக்கு 200 இடங்களே உள. தமிழ்க் குறியொன்று உள்ளே ஒன்பது இடங்களை விழுங்குகிறது. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணினால் 22 குறிகளோடு முகவரி அறுபடும். தமிழ் முகவரியைக் கைவிட இது கரணியமாகாது. தலைப்பைச் சுருக்கித் தமிழிலேயே முகவரி இட்டால் தீர்ந்தது.

எல்லாரும் மாற வேண்டுமென்பதும் இல்லை. ஐந்து பக்கத் தளம், ஆண்டுக்கொரு முறை திருத்தம் என்றால் கையெழுத்துத் தளமே நன்று. அது விரைந்து திறக்கும். உடைக்க வருவோர்க்கு அதில் வாயில்கள் குறைவு. கட்டகத்தை ஏற்றவர் அதன் புதுப் பதிப்புகளை உடனுக்குடன் இடுதல் வேண்டும். இடாது சோம்பினால் களவு நிரல் புகும். கடனுக்கு யானை வாங்கித் தீனிக்குத் திண்டாடுவாரும் நம்மிடை உண்டு.

மாற்றத் துணிந்தவர் அமைப்பாரிடம் மூன்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்: தளப்பெயர் தம் பெயரிலேயே பதியப்பெறுதல்; தலைமைக் கடவுச்சொல் தம் கையில் இருத்தல்; திருத்தும் திரை தமிழில் அமைதல். வேர்ட்பிரசின் திரைச் சொற்களைத் தன்னார்வலர் தமிழாக்கி வந்துள்ளனர். அமைப்பில் மொழியைத் தெரிந்தெடுத்தாலே போதும். பின்னர்த் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றையும், தமிழ் படித்த ஒருவர் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுதல் வேண்டும். நாற்பது பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகலாம். அந்த இரண்டு நாட் கூலியையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்துக்கொள்க.

புதிய தளம் திறந்த அன்றே பழையதை அழித்துவிடுவாரும் உளர். ஓலைகள் அச்சேறிய பின்னும் உ.வே.சா. தம் சுவடிகளை எறிந்துவிடவில்லை. 1942இல் அவர் மறைந்த பின், 1943இல் சென்னையில் நிறுவப்பெற்ற அவர் பெயரிலான நூல்நிலையத்தில் அவை அச்சு நூல்களோடு காக்கப்பெற்று வருகின்றன. பழைய தளத்தின் முழுப் படியையும், அதன் எழுத்துரு உட்பட, வேறு இரண்டு இடங்களில் எடுத்து வைத்த பின்னரே பழைய வாயிலை மூடுக.