பத்தாவது ஆள் யாரு?

இந்த எபிசோட் ஒரு கணக்கு நோட்டுல இருந்து ஆரம்பிக்குது.

எங்க ஊர் ஏரல்ல, போன பங்குனியில குலதெய்வக் கோயில் கொடைக்கு வரி போடுற கூட்டம். நோட்டுல 41 தலைக்கட்டு. நேர்ல வந்தது ஒன்பது பேர். மீதிப் பேர் சென்னை, திருப்பூர், மும்பை, துபாய். வரி மட்டும் ஜிபேல வந்துரும். அப்பா இறந்த பிறகு எங்க வீட்டு வரி என் பேர்ல இருக்கு. நான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற ஆள். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்கேத்துறது எங்க அம்மா. ஆனா அம்மா பேரு நோட்டுல கிடையாது. "பொம்பளைப் பேர்ல தலைக்கட்டு எழுதுற வழக்கம் இல்லடே"ன்னு பெரியப்பா சொல்லிட்டாங்க.

யாரைக் கணக்குல சேர்க்கிறோம்ங்கிற இதே கேள்வியை டெல்லியில ஒரு சின்ன யூத சபையும் சந்திச்சிருக்கு. அவங்க கதைதான் இன்னைக்கு.

யூதர்களோட பொது வழிபாட்டுக்கு 'மின்யான்'னு ஒரு விதி இருக்கு. பத்துப் பேர் கூடணும். அப்பதான் தோரா சுருளை எடுத்துச் சபையில வாசிக்கலாம். இறந்தவங்களுக்காகச் சொல்ற 'கதீஷ்' பிரார்த்தனையும் அப்பதான். ஒன்பது பேர் இருந்தா அவங்கவங்க தனியா ஜெபிக்கலாம், அவ்வளவுதான். பழைய மரபுப்படி அந்தப் பத்துப் பேரும் 13 வயசு தாண்டின ஆண்கள். நியூயார்க்குல இது பிரச்சினையே இல்ல. இந்தியா முழுக்கவே சில ஆயிரம் யூதர்கள்தான்கிறப்ப, பத்துங்கிறது பெரிய நம்பர்.

அந்தச் சில ஆயிரத்துக்குள்ளயும் எத்தனை வகை! கொங்கண் கரையில எண்ணெய் ஆட்டின பெனே இஸ்ரேல் மக்களுக்கு 'சனிவார் தேலி'ன்னு பேரு. சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரங்க. ஈராக் பக்கம் இருந்து வியாபாரத்துக்கு வந்தவங்க பாக்தாதி யூதர்கள். மலையாளம் பேசுற கொச்சி யூதர்கள். வடகிழக்குல பினே மெனாஷே. உணவு வேற, பாட்டு வேற, தாய்மொழி வேற.

கொச்சிக்கு முதல்ல போயிட்டு வருவோம். மட்டாஞ்சேரியில 1568ல கட்டின பரதேசி ஜெபாலயம் இருக்கு. நம்ம ஊர்ல திட்டுற 'பரதேசி' இல்ல, வெளிதேசத்துல இருந்து வந்தவங்கங்கிற அர்த்தம். பின்னால வந்த இவங்க, ரொம்ப காலமா அங்கேயே இருந்த மலபார் யூதர்களைத் தங்களுக்குச் சமமா சேர்த்துக்கல. அடிமையா இருந்து விடுதலையானவங்களோட வம்சத்தையும் உள்ளே சமமா உட்கார விடல. அந்த வம்சத்துல வந்தவர்தான் வக்கீல் ஏ.பி. சேலம். 'யூத காந்தி'ன்னு பேர் வாங்கினவர். ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் பண்ணினார். தடைகள் மெதுவா உடைஞ்சுது.

ஆனா 1948ல இஸ்ரேல் உருவாச்சு. அடுத்த சில வருஷத்துல கொச்சி யூதர்கள்ல பெரும்பாலானவங்க கப்பலும் விமானமும் ஏறிட்டாங்க. ஒருகாலத்துல யாரைச் சமமா சேர்க்கக் கூடாதுன்னு நின்னாங்களோ, பின்னாடி பத்து பேர் தேறுறதுக்கு அதே மலபார் யூதர்களை எர்ணாகுளத்துல இருந்து எதிர்பார்க்க வேண்டியதாப் போச்சு. இல்லன்னா சுற்றுலா வந்த யூதர்களை. மட்டாஞ்சேரியில எல்லாருக்கும் தெரிஞ்ச சாரா கோஹன் பாட்டி, 96 வயசுல, 2019ல இறந்தாங்க. இப்ப கட்டடம் அழகா இருக்கு, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பரவூர், சேந்தமங்கலம் ஜெபாலயங்களும் இப்ப அருங்காட்சியகம். தப்பில்ல, இடிஞ்சு போறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா அது கட்டடத்தோட எதிர்காலம். சபையோட எதிர்காலம் வேற.

இப்ப டெல்லி. கான் மார்க்கெட் பக்கத்துல, ஹுமாயூன் ரோட்டுல, ஜூடா ஹயாம் ஜெபாலயம். 1956ல கட்டினது. உள்ளூர்க் குடும்பங்கள் பத்தைத் தொடுறதே கஷ்டம். தூதரக ஆளுங்க, வேலைக்கு வந்தவங்க, பை தூக்கிட்டு ஊர் சுத்துறவங்கன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வர்றாங்களோ அவங்கதான் சபை. பல வருஷமா வழிபாட்டை நடத்துறது எசேக்கியேல் ஐசக் மலேக்கர். புனேக்காரர், வக்கீல். சம்பளத்துக்கு வந்த ரப்பி இல்ல. அவர் எடுத்த முடிவு: மின்யான்ல பெண்களையும் எண்ணுவேன்.

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனா ஒரே முடிவுல பாதிச் சபை கணக்குக்குள்ள வந்துருச்சு. அமெரிக்காவுல கன்சர்வேட்டிவ் பிரிவுக்காரங்க இதுக்கு 1973ல கமிட்டி போட்டு ஓட்டெடுத்தாங்க. டெல்லியில கமிட்டிக்கே ஆள் பத்தாது.

இதுக்கு விலையும் உண்டு. பழைய மரபுல உறுதியா இருக்கிறவர் ஒருத்தர் அங்க வந்தா, "எனக்கு இது பத்து இல்ல, ஆறு"ன்னு சொல்லலாம். அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. நாடு நாடாத் துரத்தினப்பவும் அவங்களைச் சேர்த்து வச்சது அந்த விதிதான். ஆக, யாரோ ஒருத்தருக்கு வலிக்காத முடிவுன்னு ஒண்ணு இங்க இல்ல. உள்ளே இருக்கிறவங்களுக்கு வலிக்கணுமா, எப்பவாவது வர்றவருக்கு வலிக்கணுமாங்கிறதுதான் கேள்வி.

இன்னொரு விஷயம், நம்ம ஐடி ஆளுங்களுக்குப் புரியும். டீம்ல எத்தனை பேரை பஸ் அடிச்சா ப்ராஜெக்ட் நின்னுபோகும்? அதுதான் பஸ் ஃபேக்டர். ஒரே ஆள் ஜெபம் நடத்தி, கல்லறைத் தோட்டம் பார்த்து, வர்றவங்களுக்கு விளக்கம் சொன்னா பஸ் ஃபேக்டர் ஒண்ணு. சின்ன சபை பிளான் போடணும்னா பணத்துக்கு முன்னாடி கேட்க வேண்டியது இதைத்தான்: அடுத்து ஜெபத்தை நடத்தத் தெரிஞ்ச ரெண்டாவது ஆள் யாரு? சாவி யார்கிட்ட இருக்கு? பெண்களை எண்ணினா அந்த ரெண்டாவது ஆளைத் தேடுற இடமும் ரெண்டு மடங்காகும். எண்ணிக்கையில இல்லாதவங்களுக்கு யாரும் வேலை சொல்லித் தர்றதில்லையே.

இதைப் படிச்சு முடிச்சப்ப எனக்கு எங்க நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. 41 பேர் கணக்கு. ஆனா கொடைக்கு எந்தச் சாமிக்கு எந்தப் படையல், வில்லுப்பாட்டுக்காரங்களுக்கு எப்ப வெத்தலை பாக்கு வைக்கணும்னு முழுசாத் தெரிஞ்சது பெரியப்பா ஒருத்தருக்குத்தான். அவங்களுக்கு 74 வயசு. அவங்களுக்கு அடுத்தபடியா தெரிஞ்சது யாருன்னா, எங்க அம்மா.

போன வாரம் ஊருக்குப் போய் பெரியப்பா கூட ரெண்டு நாள் உட்கார்ந்து நோட்டு முழுக்க போட்டோ எடுத்து ஏத்திட்டேன். அவங்க சொல்லச் சொல்ல ரெக்கார்ட் பண்ணினேன். கிளம்புறப்ப கேட்டேன்: "பெரியப்பா, எங்க வீட்டு வரியை அம்மா பேருக்கு மாத்துங்க. நான் தனி வரி கொடுக்கேன்." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "ரெண்டு வரி வருதுல்லா, கூட்டத்துல வைப்போம்டே."

சம்மதம்னு எடுத்துக்க முடியாது, மறுப்பும் இல்ல. அடுத்த கூட்டத்துக்கு நான் லீவு போட்டாச்சு.

உங்க ஊர்க் கோயில்ல, பள்ளிவாசல்ல, சர்ச்ல, சங்கத்துல யார் பேரு நோட்டுல இல்ல? கேட்டுப் பார்த்துட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.